செவ்வாய்க்கிழமை வேகம்

டோரீன் பாஸ்கோ செவ்வாய்க்கிழமைகளில் மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுகிறார் என்று அவருடைய மகன் கேமரன் நம்பினான். புதன்கிழமையன்று அந்த வேகம் சற்றுத் தணியும். வாரக் கடைசியில் ஒழுங்கான மனிதர்கள் ஓட்டும் வேகத்துக்கு இறங்கிவிடும். மறுபடியும் செவ்வாய் வரும், மறுபடியும் பறப்பார். இதை யாரும் கேமரனிடம் கோள் சொல்லவில்லை. அடிலெய்டில் அவன் அலுவலக மேசையில் கிடந்த கைப்பேசிதான் ஒவ்வொரு பயணமும் முடிந்தவுடன் அம்மாவின் உச்ச வேகத்தை அறிவித்துக்கொண்டிருந்தது.

அந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவனேதான். கோடை முடியும் தறுவாயில் அவன் தந்தை கிளைவ் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் கேமரன் அம்மாவின் வண்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு குனிந்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் தங்கள் ஸ்கேனரைச் செருகி வண்டியிடம் நோய் விசாரிக்கும் ஓபிடி போர்ட் இருக்கிறது. எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் சிறிய திரை ஒன்றைக் கிளைவ் ஏற்கெனவே அதில் செருகியிருந்தார். ஆகவே கேமரன், ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் கவட்டை ஒயர் ஒன்றை வாங்கிவந்து, அதன் ஒரு காலில் அப்பாவின் திரையையும் மறு காலில் தன்னுடைய கருவியையும் மாட்டினான். அம்மா எங்கே இருக்கிறாள், என்ன வேகத்தில் போகிறாள் என்பதை அந்தக் கருவி அவனுக்குத் தெரிவிக்கும்.

"என்னைக் கேட்டா நானே சொல்லிட்டுப் போறேன்" என்றார் டோரீன்.

"கேட்டாத்தான் நீ கோவிச்சுக்கிறியேம்மா."

அது உண்மை என்பது எங்கள் ஊர் யட்டாரா முழுவதற்கும் தெரியும்.

எங்கள் யட்டாராவில் ஒரு தெரு, ஒரு பேக்கரி, ஒரு டீசல் பம்பு, சரிவில் ஒரு கல்லறைத் தோட்டம். கணவாய்க்கு அப்பால், ஓடைக்கரையில் இருக்கிறது டோரீனின் வீடு. மலைக்குப் பின்னால் சிதறிக் கிடக்கும் ஆட்டுப்பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தம் பாஸ்கோ குடும்பத்துடையது. கிளைவ் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வார். தபால் வண்டியை ஓட்டுவது எப்போதும் டோரீன்தான். கிளைவ் போன பிறகும் அவர் அந்த ஓட்டத்தை நிறுத்தவில்லை. செவ்வாயன்று ஊருக்குள் வருவார். கல்லறையில் சற்று நேரம் நிற்பார். வண்டிக்கு டீசல் நிரப்புவார். பேக்கரியில் இறைச்சி பொதிந்து சுட்ட பாஸ்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். மறுநாளும் வெள்ளிக்கிழமையும் தபால் மூட்டைகளுடன் மலைக்குப் பின்னால் போவார். வண்டி இல்லையென்றால் தபால் இல்லை, வீடும் இல்லை. அந்த ஓடைக்கரையில் வண்டி இல்லாமல் யாரும் குடியிருக்க முடியாது.

"செவ்வாய்க்கிழமை உனக்கு என்னம்மா ஆகுது?" என்று ஒருநாள் கேமரன் தொலைபேசியில் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் டோரீனைக் கலக்கியது.

"என்ன ஆகும்? உங்கப்பாவைப் பாக்கப் போறேன். திரும்பி வர்றேன்."

"திரும்பி வரும்போது நூத்து நாப்பத்து மூணுல வர்றே."

"எண்பதைத் தாண்டுனதில்ல."

"கருவியை மாத்திக்கூடப் பாத்துட்டேம்மா. அதே கம்பெனியோட புதுசு. அதுவும் அதையேதான் சொல்லுது. அழுதுகிட்டே ஓட்டுறியா? உண்மையைச் சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

தொலைபேசியை வைத்த பிறகு டோரீன் வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாய் கடைசிக் காலத்தில் கெட்டிலைத் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டு, யாரோ திருடிவிட்டதாக அழுதவர். அந்த அம்மாளும் பொய் சொல்லவில்லை. வைத்தது அவருக்குத் தெரியாது. அதைப்போல, தனக்குத் தெரியாமல் தன் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறதோ? கல்லறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு துண்டு நேரம் தன் நினைவிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறதோ?

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வழி நெடுகிலும் ஸ்பீடோமீட்டர் முள்ளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. கணவாய் ஏற்றத்தில் ஐம்பது. இறக்கத்தில் எழுபது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. மாலையில் கேமரன் அழைத்தான்.

"நூத்து நாப்பத்தாறும்மா" என்றான். பிறகு, தயங்கித் தயங்கி, தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு பார்த்திருப்பதாகவும், டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், வருகிற சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளப்போவதாகவும் சொன்னான்.

இந்தச் செய்தி பேக்கரிக்கு வந்து சேர அதிக நேரமாகவில்லை. ரொட்டி வாங்க நின்ற பெண்களில் ஒருத்தி, "கல்லறையில கிளைவ் ஏறிக்கிறாரு. அவருதான் ஓட்டுறாரு" என்றாள்.

"கிளைவா? அந்த மனுஷன் ஆமைக்கு வழி விட்டு ஓட்டுறவரு. வாழ்க்கையிலேயே வேகமாப் போனது அவரைத் தூக்கிட்டுப் போன சவ வண்டியிலதான்."

சிரித்தார்கள். சிரித்து முடித்த பின், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் டோரீனின் வண்டி தெருவில் வரும்போது பலருடைய பார்வை ஓட்டுநர் இருக்கையைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்குப் போயிற்று.

டோரீன் வியாழக்கிழமையே ராஸ் நோல்டேயின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். வண்டிகளின் மின் வேலை பார்ப்பவர் ராஸ். கிளைவுடன் முப்பது வருடம் கிரிக்கெட் ஆடியவர்.

"கேமரன் பொய் சொல்ல மாட்டான்" என்றார் டோரீன். "நானும் பொய் சொல்லலை. அப்படின்னா வண்டியில மூணாவதா யாரோ இருக்கணும். இல்லேன்னா என் மூளை போயிருக்கணும். எதுன்னு பாத்துச் சொல்லு, ராஸ்."

"உங்க மூளையைத் திறந்து பாக்க என்கிட்ட ஸ்பானர் இல்ல டோரீன். வண்டியைப் பாக்குறேன்."

"கேலி வேண்டாம். சனிக்கிழமை அவன் வர்றான்."

ராஸ் கேலியை நிறுத்தினார். கவட்டை ஒயரில் இரண்டு கருவிகளை மாட்டினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது உண்டு என்று சொல்லி, கிளைவின் வெப்பத் திரையை முதலில் கழற்றி டோரீனின் மடியில் வைத்தார். டோரீன் அந்தத் திரையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தபால் ஓட்டம் முடிந்து மாலையில் கேமரன் அழைத்து, வேகம் தொண்ணூற்றெட்டு என்றான். திரை இல்லாமலும் வேகம் இருந்தது. சனிக்கிழமை வருவதாக இருந்தவனை ராஸ்தான் பேசி நிறுத்தினார். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறு, தம்பி. செவ்வாய்க்கிழமை நானே உங்கம்மாகூடப் போறேன்" என்றார்.

அந்தச் செவ்வாய், முற்பகல் வெயிலில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். மரங்களின் நிழலில், எஞ்சினை அணைக்காமல் டோரீன் வண்டியை நிறுத்தினார். ராஸ் கேமரனை அழைத்துக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு டேஷ்போர்டின் மேல் வைத்தார்.

"இப்ப என்ன காட்டுது?"

"எழுபத்தொன்னு" என்றான் கேமரன். "எங்க போயிட்டிருக்கீங்க?"

டோரீன் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு புல்லும் அசையவில்லை.

"நிக்கிறோம்டா" என்றார் மெல்ல. "உங்கப்பாவோட வாசல்ல நிக்கிறோம்."

மறுமுனையில் கேமரன், "இப்பப் பூஜ்யம். இல்ல, மறுபடியும் எழுபத்தொன்னு. பூஜ்யம். எழுபத்தொன்னு" என்றான். "ஒரே வண்டியில ஒருத்தர் நிக்கிற மாதிரியும் ஒருத்தர் போய்க்கிட்டே இருக்குற மாதிரியும் காட்டுதும்மா."

டோரீன் இறங்கினார். வழக்கம்போலக் கல்லறையின் முன்னால் நின்றார். இன்று அதிக நேரம் நிற்கவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ராஸ் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போனப்பவும் எழுபத்தொன்னு, வந்தப்பவும் எழுபத்தொன்னு" என்றார். "கிளைவ் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

"அம்மா" என்றான் கேமரன், "நீ வேகமாப் போகலைன்னு எனக்கு இப்பப் புரியுது. என்னை மன்னிச்சுக்கோ. ஆனா நிக்கிறப்பவே ஓடுறதா நினைக்கிற வண்டி இது. நாளைக்கு பிரேக்கை என்ன நினைக்கும்? சனிக்கிழமை நான் வந்து எடுத்துக்கிறேன்."

அம்மாவின் மூளை தப்பித்தது. அம்மாவின் வண்டி தப்பவில்லை. டோரீன் கியரைப் போட்டார். டீசல் பம்புக்குப் போனார். போகிற வழியில் கேமரன் படித்த எண்கள் ஸ்பீடோமீட்டரின் எண்களாகவும் அந்த எழுபத்தொன்றாகவும் மாறி மாறி வந்தன.

"கல்லறைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுதான்னா" என்று டோரீன் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார், "செவ்வாய்க்கிழமை நான் வேற என்ன செய்றேன்? பாஸ்டி வாங்குறேன். டீசல் போடுறேன்." அவர் ராஸைத் திரும்பிப் பார்த்தார். "எஞ்சினை அணைச்சுட்டுச் சாவியை மட்டும் திருப்பி வை. அவன் படிக்கட்டும்."

டோரீன் குழாயை எடுத்துத் தொட்டியில் விட்டார். பம்பு முனகத் தொடங்கியது. சற்று நேரத்தில் கேமரன், "எழுபத்து நாலு" என்றான். பிறகு, "எழுபத்தொன்பது. எண்பத்து மூணு. என்னம்மா செய்றே?" ஊர்க்காரர் இருவர் தங்கள் வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். வண்டி அசையாமல் நின்றது. அதன் வேகம் ஏறிக்கொண்டே போனது. நூற்று இருபதில் ராஸ் இருக்கையை விட்டு இறங்கிவந்து பம்பின் எண்ணையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார். பம்பில் ஒரு லிட்டர் ஓடும். கேமரன் ஓர் எண் கூட்டுவான். நூற்று நாற்பத்தெட்டில் குழாய் 'டக்' என்று நின்றது. வேகமும் நின்றது.

"இது வேகம் இல்ல" என்றார் ராஸ். "லிட்டரு. தொட்டியில எவ்வளவு டீசல் இருக்குதோ அதைத்தான் உன் கருவி வேகம்னு நினைச்சுட்டிருக்கு."

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். ராஸ் சிரிக்கவில்லை.

"உன் கருவி டீசலைப் பத்திக் கேக்குமா, கேமரன்?"

"இல்ல. வேகத்தையும் இடத்தையும் மட்டுந்தான்."

"வண்டி தானா எதையும் சொல்லாது. கேட்டாத்தான் சொல்லும்." ராஸ் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த இருட்டைப் பார்த்தார். "திரையைக் கழட்டிட்டோம். நீ கேக்கலை. அப்ப டீசல் எவ்வளவுன்னு யாரு கேக்குறது?"

இந்த இடத்தில் ஒரு சிறு கதை சொன்னால் விஷயம் தெளிவாகும். ஓடைக்கரையில் ஒரு முதிய யூகலிப்டஸ் மரம் இருந்தது. எதைக் கேட்டாலும் உண்மையே சொல்லும். ஆனால் ஒரே ஒரு சொல்தான் சொல்லும். கிழக்குக் கிளையில் ஒரு வெள்ளைக் காக்கட்டூக் கிளி வந்தமர்ந்து, "மழைக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டது. அதே கணத்தில், மரத்தின் மறுபுறத்தில் அமர்ந்திருந்த காகம், "என் கூட்டில் எத்தனை முட்டை?" என்று கேட்டது. இரண்டுக்கும் மற்றது இருப்பது தெரியாது. மரம், "ஐந்து" என்றது. அது காக்கட்டூவுக்குச் சொன்ன பதில். காகம் தன் கூட்டுக்குப் பறந்தது; மூன்று முட்டைகளைக் கண்டது; மீதி இரண்டையும் திருடியவர் யார் என்று அண்டை அயலாரையெல்லாம் சந்தேகித்து, ஆயுள் முழுதும் அழுதது. மரம் பொய் சொல்லவில்லை. காகமும் பொய் சொல்லவில்லை. கேள்வி ஒன்று கண்ணுக்கு மறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

பட்டறைக்குத் திரும்பியதும் ராஸ் டேஷ்போர்டின் கீழ்த் தகட்டைக் கழற்றினார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"நாம பாத்துட்டிருந்த போர்ட் அசல் போர்ட்டே இல்ல, டோரீன்."

அசல் போர்ட் ஒரு சாண் உள்ளே தள்ளி இருந்தது. யாரோ அதில் ஒரு கவட்டை ஒயரைச் செருகி, அதன் ஒரு காலை, போர்ட் வழக்கமாக இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். அந்தக் காலைத்தான் கேமரன் போர்ட் என்று நினைத்து மறுபடியும் இரண்டாகப் பிரித்திருந்தான். மற்றொரு கால் பின்புறமாக மேலேறிச் சென்றது. அதன் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி, கறுப்புத் துணி நாடாவால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. நாடா ஒரு சுற்றுக்கு மேல் அடுத்த சுற்று பாதி ஏறியிருக்க, கடைசி முனை உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது, பிரிக்கிறவருக்கு நகம் வைக்க இடம் இருக்கும்படி.

டோரீன் அதைக் கையில் வாங்கவில்லை, பார்த்தார். அவருடைய மண்வெட்டியின் பிடியும் வீட்டுக் கெட்டிலின் ஒயரும் அப்படித்தான் சுற்றப்பட்டிருந்தன.

ராஸ் தன்னுடைய ஸ்கேனரை மாட்டி, ஒயரில் என்ன பேச்சு ஓடுகிறது என்று பார்த்தார். எஞ்சினை ஓடவிடச் சாவியைத் திருப்பியவுடனேயே அந்தக் கருவி விழித்துக்கொண்டது. அது வேகத்தைக் கேட்கவில்லை, வெப்பத்தைக் கேட்கவில்லை, வண்டி எங்கே இருக்கிறது என்பதைக்கூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான், விட்டு விட்டு, சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?

"இது கிளைவோட போனுக்குத்தான் அனுப்பிட்டு இருந்திருக்கு" என்றார் ராஸ். "அந்த சிம் எப்பவோ செத்துப்போச்சு. இப்ப யாருக்கும் போகலை. ஆனா கேக்குறதை நிறுத்தலை."

டோரீன் பட்டறைப் படியில் உட்கார்ந்தார்.

அவர் தபால் ஓட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் கிளைவ் வாசலுக்கு வந்து அதே கேள்வியைத்தான் கேட்பார். மலைக்குப் பின்னால் டீசல் தீர்ந்து கோடையில் நின்றுபோனவர்களைத் தேடிப்போகும் கூட்டத்தில் கிளைவ் இரண்டு முறை போனவர். இரண்டு முறையும் உயிர் போன பிறகே போய்ச் சேர்ந்தவர். டோரீனுக்கு அது தெரியும். தெரிந்தும், தன் வேலையைத் தனக்குச் சொல்லித் தருவதாக அவருக்கு எரிச்சல். ஒரு நாள் ஊர் மன்றத்தில், எல்லாரும் தேநீர்க் கோப்பையுடன் நிற்கையில், கிளைவ் வழக்கம்போல அதைக் கேட்டார். "இன்னொரு தடவை அதைக் கேட்டீங்கன்னா டீசலை உங்க டீயில ஊத்திருவேன்" என்றார் டோரீன். மன்றமே சிரித்தது. கிளைவும் சிரித்தார். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

"நாலு வருஷமா வாசலுக்கு வருவாரு. கதவைச் சாத்துவாரு. கையைக் காட்டுவாரு" என்றார் டோரீன். "ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. எனக்கு அலுத்துப்போச்சு, அவருக்கும் அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன், ராஸ். அப்படி நினைச்சுத்தான் அவரைப் புதைச்சேன்."

ராஸ் எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினார்.

"அணைக்காதே" என்றார் டோரீன். "கொஞ்ச நேரம் கேக்கட்டும்."

சனிக்கிழமை கேமரன் வந்தான். வண்டியை எடுத்துக்கொள்ள அவனுக்கு இனிக் காரணம் இல்லை. வண்டிக்கும் குற்றமில்லை, அம்மாவுக்கும் குற்றமில்லை. அப்பா சுற்றிய நாடாவை அவன் விரலால் தடவிப் பார்த்தான். ஒரே ஒயரில் இரண்டு பேர் கேட்டால் பதில் குழம்பும், யாராவது ஒருவர்தான் இருக்கலாம் என்று ராஸ் அவர்களுக்குச் சொன்னார்.

"சரி, அப்பாவோடதைக் கழட்டிருங்க" என்றான் கேமரன். "பத்திரமா எடுத்து வெச்சுக்கலாம்மா. அது யாருக்குமே அனுப்பலை."

"உன்னோடதைக் கழட்டு" என்றார் டோரீன்.

"அம்மா, அது சும்மா கேட்டுக்கிட்டே இருக்கு. கேக்குற ஆள் இல்ல. நான் இருக்கேன்."

"நீ இருக்கேல்ல. உனக்கு வாய் இருக்கு. அவருக்கு இல்ல."

கேமரன் குனிந்து, தான் வாங்கிவந்த கவட்டை ஒயரையும் கருவியையும் தன் கையாலேயே கழற்றினான்.

இப்போது அவன் தினமும் மாலையில் அம்மாவை அழைக்கிறான். என்ன வேகத்தில் போனாய் என்று கேட்கிறான். சில நாள் டோரீன் பதில் சொல்கிறார், சில நாள் திட்டுகிறார். டாக்டரிடம் பேசிய பேச்சும் பார்த்துவைத்த வீடும் அப்படியே நின்றுவிட்டன. தபால் செல்கிறது.

எங்கள் ஊரில் ஒருவரும் அந்த வண்டியின் பக்கத்து இருக்கையை இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் பேக்கரி வாசலில் நிற்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். டோரீன் சாவியைத் திருப்புவார்; எஞ்சின் ஓடத் தொடங்கும்; தெருவில் முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இராது; ஆயினும் உடனே கிளம்ப மாட்டார். இரு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருப்பவர்போல, தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருப்பார். பிறகு கியரைப் போட்டு, கணவாயை நோக்கி, எழுபதில் போவார்.